பின்சீட்டில் யார் உட்காருகிறார்கள்?



பேட்டரி ஸ்கூட்டர் வாங்கப் போகிற வீட்டில் நடக்கிற விசாரணை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்? பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரண்டி? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? லைசென்ஸ் வேண்டுமா? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் பின்சீட்டில் வரப்போகிற அப்பத்தாவின் இடுப்பு என்ன ஆகும் என்று ஷோரூமில் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தச் சின்ன வண்டிகள் பார்க்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளையை ஸ்கூலில் விட வேண்டும். மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மில்லில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வருகிறவரை அழைத்து வர வேண்டும். பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் கூட்டிப் போக வேண்டும். ஓடுகிற தூரம் குறைவு, சுமக்கிற பாரம் அதிகம். அதுவும் எந்தத் தெருவில்? பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டி, மூடி, மறுபடி தோண்டிய தெருவில்.

அதனால்தான் இந்த மாதம் ஷாக் அப்சார்பரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மெக்கானிக் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது வீட்டுச் சமாச்சாரம்.

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அந்த ஸ்கூட்டருக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்பது நம் நாட்டு விதி. அமெரிக்காவில் 1998-ல் தெருவுக்குள் ஓடுகிற சின்னக் கார்களுக்கென்று தனி வகுப்பே உண்டாக்கினார்கள். மணிக்கு 20 மைலுக்கு மேல் 25 மைலுக்குள் ஓட வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, சீட் பெல்ட் எல்லாம் கட்டாயம். அந்தப் பட்டியலில் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும், கிடையாது. மெதுவாகப் போகிற வண்டிதானே, குலுக்கல் என்ன பெரிதாக இருந்துவிடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். விலையைக் குறைக்க நினைக்கிற கம்பெனியும் கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில்தான் முதலில் கை வைக்கும்.

பெட்ரோல் வண்டியிலிருந்து பேட்டரி வண்டி இரண்டு விஷயத்தில் வேறுபடுகிறது. முதலாவது பேட்டரி. பழைய லெட் ஆசிட் பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 6, 7 கிலோ. ஐந்து வைத்தால் 30 கிலோவுக்கு மேல். ஆள் ஏறுவதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஏறி உட்கார்ந்திருக்கிற கணக்கு. இ-ரிக்‌ஷாவில் இருக்கிற நான்கு பெரிய பேட்டரிகள் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டிவிடும். இரண்டாவது, பெரும்பாலான சின்ன ஸ்கூட்டர்களில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் ஸ்பிரிங் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. கனமில்லாத சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சட்டென்று ஏறிவிடும். கனத்த சக்கரம் குத்தும். ‘டொம்’ என்று பின்னால் கேட்கிறதே, பாதி அதுதான்.

ஷாக் அப்சார்பரில் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். வெளியே தெரிகிற ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே எண்ணெயில் ஓடுகிற பிஸ்டன் ஆட்டத்தை அடக்குகிறது. சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போகும்போது அந்தத் துள்ளல் சூடாக மாறித் தணிகிறது. எண்ணெய் ஒழுகிப் போய்விட்டால் மிஞ்சுவது ஸ்பிரிங் மட்டும்.

உங்கள் வண்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒர்க்‌ஷாப் போக வேண்டியதில்லை. பின் சீட்டை இரண்டு கையாலும் அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரு தரம் எழும்பி நின்றுவிட்டால் சரி. இரண்டு மூன்று தரம் மேலும் கீழும் ஆடினால் ஷாக் போய்விட்டது. பிறகு குனிந்து, ஸ்பிரிங் இடுக்கு வழியாக உள்ளே இருக்கிற ராடைப் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய ராடில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய செம்மண் புழுதியும் இருந்தால் சீல் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே கீழே போல்ட் மாட்டுகிற இடத்து ரப்பர் புஷ் தேய்ந்து ஓவலாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். பல வண்டிகளில் ‘ஷாக் சத்தம்’ என்று சொல்வது வெறும் புஷ் சத்தம். அதற்கு ஆகிற செலவு மிகக் கொஞ்சம்.

சரி, ஷாக் போய்விட்டது. என்ன மாற்றுவது? நம்மூரில் இங்கேதான் குழப்பம். “அண்ணாச்சி, ஷாக் உட்கார்ந்துருச்சு. நல்லா கெட்டியா ஒண்ணு போட்டுருவோம்” என்பார் மெக்கானிக். நாமும் தலையாட்டுவோம். கெட்டி என்றால் நல்லது என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. பாத்திரத்துக்குச் சரி, ஷாக்குக்குச் சரியில்லை. கெட்டி ஸ்பிரிங் பள்ளத்தில் தரை தட்டாமல் காப்பாற்றும், உண்மைதான். ஆனால் தாங்க வேண்டிய அதிர்ச்சியை அது வாங்கி வைத்துக்கொள்வதில்லை, அப்படியே சேஸிஸுக்கும் பின்சீட்டுக்கும் அனுப்பிவிடும். தனியாக ஓட்டுகிற மகனுக்கு ஸ்டெடியாகத் தெரிகிற அதே வண்டி, பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து வரும் அப்பத்தாவுக்குத் தண்டனையாக இருக்கும்.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் பின்சீட்டில் யார், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பதுதான். தினமும் இரண்டு பேரா? ஆளே இல்லாமல் பால்கோவா அட்டைப்பெட்டிகளா? 40 லிட்டர் பால் கேன் என்றால் பால் மட்டுமே 40 கிலோவுக்கு மேல். அந்த வண்டிக்கு வேண்டிய ஸ்பிரிங் வேறு, டீச்சரம்மா தனியாக ஸ்கூலுக்குப் போய்வருகிற வண்டிக்கு வேண்டியது வேறு.

ஒரு டேப் போதும், அளந்துவிடலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரம் தொங்கும்போது பின் அச்சுக்கும் அதற்கு நேர் மேலே உள்ள ஒரு போல்ட்டுக்கும் நடுவே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வழக்கமாகப் போகிறவர்களை ஏற்றி உட்கார வைத்து அதே இடத்தை அளங்கள். சக்கரம் மொத்தம் மேலும் கீழும் போகிற தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தம். பாதிக்கு மேல் இறங்கினால் மெலிசு. அசையவே இல்லை என்றால் கெட்டி. பல ஷாக்குகளில் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் அடியில் படிப்படியாகத் திருப்புகிற வளையம் ஒன்று இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். புது ஷாக் வாங்குவதற்கு முன்னால் அதை ஒரு படி திருப்பிப் பார்த்துவிடலாமே?

லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு லித்தியம் போட்டவர்களுக்கு ஒரு தனிச் சேதி. எடை பாதிக்கும் கீழே குறைந்திருக்கும். பழைய பாரத்துக்கென்று இறுக்கி வைத்த ஸ்பிரிங் இப்போது துள்ளும். “பேட்டரி மாத்தினதிலிருந்து வண்டி தூக்கித் தூக்கிப் போடுது” என்று சொன்னால் குற்றம் பேட்டரியில் இல்லை. வளையத்தைத் தளர்த்துங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையிலான நீளம் பழைய ஷாக்கில் இருந்தது போலவே இருக்கட்டும். அரை அங்குலம் கூடினாலும் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் பதறும், சைடு ஸ்டாண்டில் வண்டி சாயும். சிவப்பு டப்பா வைத்த கேஸ் ஷாக் வேண்டுமா என்று பையன்கள் கேட்பார்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற நைட்ரஜன், எண்ணெய் நுரைத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளும். நாள் முழுக்க மேடு பள்ளத்தில் ஓடுகிற ஆட்டோவுக்குப் பலன் உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டர் வண்டிக்கு அந்தத் தனி டப்பா பார்க்க அழகு, அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம். ஓசூரிலேயே ஷாக் தயாரிக்கிற கேப்ரியல் போன்ற பழைய கம்பெனிகளின் சாதாரண மாடல், சரியான ஸ்பிரிங்கோடு கிடைத்தால் போதும். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் கை வைப்பதற்கு முன்னால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகிற ஓலா ஸ்கூட்டரின் முன் ஃபோர்க் உடைவதாக 2022-ல் வரிசையாகப் புகார் வந்தது. ஒற்றைக் கையில் சக்கரத்தைப் பிடித்திருக்கிற டிசைன் அது. 2023 மார்ச்சில், விரும்புகிறவர்களுக்கு முன் ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. ரீகால் அல்ல, அப்கிரேட் என்றது. அதே வருஷம் ஆகஸ்டில் வந்த அடுத்த தலைமுறை எஸ்1 ப்ரோவில் இரண்டு பக்கமும் குழாய் வைத்த சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க் இருந்தது. தாத்தா காலத்து டிசைன்தான்!

செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. இந்த வண்டியில் விலை கூடிய பாகம் பேட்டரி. ஓயாமல் குலுங்கினால் லெட் ஆசிட் பேட்டரியின் தகட்டிலிருந்து மருந்து உதிரும். லித்தியத்தில் கனெக்டர் தளரும், சால்டர் விடும். பேட்டரி சீக்கிரம் போய்விட்டது என்று அலுத்துக்கொள்கிறோமே, அதில் செத்துப்போன ஷாக்குக்கு எவ்வளவு பங்கு என்று யார் பார்த்தார்கள்? ஒரு ஜோடி ஷாக்கின் விலையைப் பேட்டரி விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கடைசியாக, எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் தோற்றுப்போகிற இடம் ஒன்று நம் தெருக்களில் இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டில் எழுப்பிய வேகத்தடை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (IRC) 1988-ல் வேகத்தடைக்கு அளவு சொன்னது. 3.7 மீட்டர் அகலத்தில் வளைந்து ஏறி இறங்க வேண்டும், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். வண்டிகள் 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கட்டும் என்று போட்ட கணக்கு அது, நம் பேட்டரி வண்டிக்கென்றே போட்டதுபோல. உங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலமாவது இருக்குமா? அதே டேப்பை எடுத்துப் போய் அளந்து, நகராட்சிக்கு மனு எழுதும்போது உங்கள் அளவையும் அந்த 3.7 மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கவுன்சிலருக்கும் ஒரு நகல்.


ஆசிரியர்