ஏஸி திருத்த ஆள் வருமுன்

கண்டிக்கு ஏஸி எதற்கு என்று வீட்டு மூத்தவர்கள் கேட்பதுண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர் அல்லவா? ஆனால் அவர்கள் நினைவில் இருப்பது ஓட்டுக் கூரையும் முற்றமும் கொண்ட வீடு. இன்று கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் மடவளையிலும் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. தலைக்கு மேலே கொங்கிரீட் கூரை. வீதியோர வீட்டில் ஜன்னலைத் திறந்தால் வாகனப் புகை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாடி அறையில் ஒரு நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால், ஏஸியை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

அந்த மாதங்களில்தான் அது பழுதாகவும் செய்யும். கணவர் கடையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். மெக்கானிக் வந்து பார்த்து, "கேஸ் முடிஞ்சி போச்சி" என்றோ "கொம்பிரஷர் போயிட்டு" என்றோ ஒரு வார்த்தை சொல்வார். சரியென்று சொல்வதா, வேண்டாமென்று சொல்வதா என்பதை வீட்டுப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். பெரிய தொகை ஒன்று கைமாறுகின்ற இடம் அது. ஆகவே சகோதரிகளே, எதைக் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கேஸ் தானாக முடிவதில்லை

முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான். ஏஸிக்குள் இருக்கும் கேஸ், வாகனத்தின் பெற்றோல் போல எரிந்து தீர்வதல்ல. உடம்பில் ஓடும் இரத்தம் போல மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அறையின் வெப்பத்தை உள்ளே வாங்கி வெளியே விடுவதே அதன் வேலை. எனவே கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பினால், சில நாட்களிலோ சில மாதங்களிலோ அதே செலவு மீண்டும் வரும்.

"கேஸ் குறைவு" என்று சொன்னால், "எங்கே கசிகிறது? காட்டுங்கள்" என்று கேளுங்கள். குழாய் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவினால், கசிகிற இடத்தில் குமிழி எழும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார்.

தொலைபேசியை எடுக்குமுன்

ஏஸி குளிராவிட்டால் முதலில் வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவுங்கள். கண்டி நகரத்தைச் சுற்றி மலை, நடுவே பள்ளம், வாகன நெரிசலின் புகையும் தூசும் எளிதில் வெளியேறுவதில்லை. வீதியோர வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வலையைக் கழுவ வேண்டும். அழுக்கு வலை காற்றைத் தடுத்து, குழாயில் பனிக்கட்டி கட்டவும் செய்யும்.

உள்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால், பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யும் கூலி போதும். ரிமோட்டின் பட்டரியையும் சுவரிலுள்ள பிரேக்கரையும் பார்த்துவிடுங்கள். வெளிப்பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

எந்தக் கோளாறுக்கு எவ்வளவு?

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆனால் செலவின் ஏறுவரிசை மாறுவதில்லை.

1. ஆகக் குறைந்தது: சுத்தம் செய்வது, அடைப்பு எடுப்பது.

2. அடுத்தது கெப்பசிட்டர். வெளிப்பெட்டி உறுமிக்கொண்டே கிளம்பாமல் நின்றால், பல நேரங்களில் இந்தச் சிறிய பாகம்தான் காரணம். "கொம்பிரஷர் போயிட்டு" என்று சொல்லப்படும்போது, "கெப்பசிட்டரைச் சோதித்தீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

3. கசிவை அடைத்துக் கேஸ் நிரப்புவது நடுத்தரச் செலவு. வெளிப்பெட்டியில் ஒட்டியுள்ள தகட்டில் கேஸின் பெயரும் நிறையும் எழுதியிருக்கும். தராசில் வைத்து நிறுத்துத்தான் நிரப்ப வேண்டும். குழாயைத் திறந்து வேலை செய்திருந்தால், வெக்கியூம் பம்ப் போட்டு உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது அவசியம். இதைச் செய்யாமல் விட்டால் அந்த ஈரம் நாளடைவில் கொம்பிரஷரையே அரித்துவிடும்.

4. எலெக்ட்ரோனிக் போர்ட். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னல் வருவது நமக்குப் பழக்கம். இன்வேர்ட்டர் ஏஸியின் போர்ட் அதற்கு எளிதில் பலியாகும். புதிய போர்ட்டின் விலை அதிகம். திருத்த முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். மழை இருட்டத் தொடங்கியதும் பிரேக்கரை நிறுத்திவிட்டால் இந்தச் செலவையே பெரும்பாலும் தவிர்க்கலாம்.

5. எல்லாவற்றிலும் பெரியது கொம்பிரஷர். பல கம்பெனிகள் இதற்கு மட்டும் நீண்ட உத்தரவாதம் தருகின்றன. அட்டையைத் தேடிப் பாருங்கள். ஆனால் கேஸும் கூலியும் அதில் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு ஒன்று. நன்றாக வேலை செய்கிற ஏஸியைக் கழற்றும்போது கேஸ் முழுவதையும் வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்து வைக்கலாம். அப்படிச் செய்தால் புது வீட்டில் முழுக் கேஸுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எந்தக் கேஸ் என்பதும் முக்கியம்

பழைய ஏஸிகளில் இருப்பது ஆர்-22. பூமிக்குக் குடைபோல் இருக்கும் ஓசோன் படலத்தை அது பாதிக்கிறது. அதனால், 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உலக நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. இலங்கை 1989இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. வளர்முக நாடுகள் 2030க்குள் இந்த வகைக் கேஸ்களை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்த வேண்டும். ஆகவே ஆர்-22 ஏஸி வைத்திருப்போருக்குக் கேஸ் கிடைப்பது இனி அரிதாகும்.

அதற்குப் பதிலாக ஆர்-410ஏயை ஊற்ற முடியாது. அதன் அழுத்தம் மிக அதிகம். புதிய ஏஸிகளில் உள்ள ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. அந்த வேலை நடக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். பக்கத்தில் யாரும் புகைக்க வேண்டாம்.

திருத்துவதா, புதிது வாங்குவதா?

2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதியாகும் ஏஸியும் உதிரிப்பாகமும் அதோடு சேர்ந்து ஏறின. அதனால் முன்பு தூக்கியெறிந்திருக்கக்கூடிய பழைய ஏஸியையும் திருத்திப் பாவிப்பது இன்று பல நேரங்களில் புத்திசாலித்தனம்.

ஒரு எளிய அளவுகோல்: ஏஸிக்குப் பத்து வயது நெருங்கிவிட்டது, திருத்தச் செலவும் புதியதன் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்றால் புதியதே நல்லது. ஆர்-22 ஏஸியில் கொம்பிரஷர் போயிருந்தாலும் அப்படியே. மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். அலகுகள் கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுகிறது. நீண்ட நேரம் ஓடும் அறையில், இன்வேர்ட்டர் ஏஸி மின்கட்டணத்தைக் கணிசமாகக் குறைக்கும்.

யாரை அழைப்பது?

உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் கம்பெனியின் சேவை நிலையத்தை மட்டுமே அழையுங்கள். வேறொருவர் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடலாம். அதன் பிறகு, ஊரில் நம்பிக்கையான தனி மெக்கானிக் பெரும்பாலும் மலிவு. என்.வீ.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

வந்து பார்க்க எவ்வளவு, பார்த்த பின் திருத்தாவிட்டாலும் அது கொடுக்க வேண்டுமா என்று தொலைபேசியிலேயே பேசிவிடுங்கள். படுக்கையறைக்குள் அந்நிய ஆண் வருகிற வேலை இது; நானாவோ தம்பியோ மகனோ வீட்டில் இருக்கிற நேரத்தைச் சொல்லுங்கள். பெரிய செலவு என்றால் அன்றே தலையாட்டாமல், இன்னொருவரிடமும் விலை கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். பற்றுச்சீட்டில் பாகம், கேஸின் நிறை, கூலி ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கட்டும்.

வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி உங்களுக்குள்ள உரிமை. ஏமாற்றப்பட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்போது கையில் சான்றாக இருப்பது அந்தப் பற்றுச்சீட்டுத்தான்.

கூலியைக் குறைக்கச் சொல்லி நேர்மையான தொழிலாளியோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை. அவர் வியர்வை உலருமுன் அவருக்குரியதைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த இதழில் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.