50 மதிப்பெண் பாடமா இயற்பியல்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிள்ளை சாப்பிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுகிறோம். கணக்கு மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொள், இயற்பியலைப் பாதியாக்கு, வேதியியலைப் பாதியாக்கு, மூன்றையும் கூட்டு. பொறியியலுக்கு 200-க்கு இவ்வளவு கட்-ஆஃப். டாக்டர் ஆசை உள்ள வீடு என்றால் கணக்கு வேறு. நீட்டில் 180 கேள்வி, அதில் இயற்பியல் 45. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. காகிதத்தில் கூட்டிக் கழித்தவள் நான்தான்.

இரண்டு ஆண்டுகளாக 50 மதிப்பெண்ணாகவும் 45 கேள்வியாகவும் மட்டுமே நாம் பார்த்துவந்த பாடத்தை, "அதையே மேற்கொண்டு படிக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால் நமக்கு எப்படி விளங்கும்?

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு காலை நேரம். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்ததும் துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடின. பக்கத்தில் நின்றவள், "அம்மா, கல்லு இவ்வளவு சூடா இருந்தும் துளி ஏன் உடனே ஆவியாகலை தெரியுமா? துளிக்கு அடியில நீராவி மெத்தை மாதிரி உண்டாயிடுது. அதுதான் துளியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள். இருபது வருடமாகத் தினமும் பார்த்த காட்சி அது. ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "இதெல்லாம் நீட்டுல கேப்பாங்களா?" அவள் பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நம் பிள்ளைகள் நம்மிடம் பேசுவதை எப்போது நிறுத்தினார்கள் என்று நமக்குத் தெரியுமா?

நீட்டை இரண்டு முறை எழுதவைத்தோம். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் முதலிலேயே கேட்ட பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்த்தோம். பக்கத்து வீட்டில் "பாப்பா என்ன படிக்குதுக்கா?" என்று கேட்டபோது, "இப்போதைக்கு பிசிக்ஸ்ல போட்டு வச்சிருக்கோம்" என்றேன். வேண்டாத சாமானைப் பரணில் போட்டுவைப்பதைப் போலச் சொல்லிவிட்டேன். உள்ளே அவள் இருந்தாள், காதில் விழுந்தது. மூன்று வருடம் கழித்து ஒரு நாள் அவளே இதைச் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

"பிசிக்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதானே?" என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். ஆசிரியர் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி.யும் பி.எட்.டும் முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் வென்று மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துவது சாதாரண காரியமா? ஆசைப்பட்டுப் போகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. ஆனால் வேறு வழியே கிடையாது என்று நமக்கு யார் சொன்னது?

எங்கள் உறவில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்து, மதுரைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். வாரக்கணக்கில் அலைந்தோம். டாக்டரைக் கும்பிட்டோம், நர்சுக்கு நன்றி சொன்னோம். அந்தக் கதிர் எவ்வளவு, எந்தக் கோணத்தில், பக்கத்து உறுப்பைச் சுடாமல் எப்படிப் பாய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அவர் பெயர் மருத்துவ இயற்பியலாளர். அவர் இல்லாமல் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதில்லை. அதற்கான முதுகலைப் படிப்பு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பட்டயப் படிப்பு இருக்கிறது. டாக்டராக முடியவில்லை என்று நான் அழவைத்த பெண், அதே ஆஸ்பத்திரிக்குள் இயற்பியல் வழியாகவும் போயிருக்கலாம் என்று எனக்கு ஏன் தெரியாமல் போனது?

கொழுந்தன் வெளிநாடு போகும்போது குடும்பமாகப் போய் மதுரை விமான நிலையத்தில் வழியனுப்பினோம். பிள்ளைகளுக்கு விமானத்தைக் காட்டினோம், கோபுரத்தைக் காட்டினோம். அந்தக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்லும் வேலைக்கு, இயற்பியலும் கணிதமும் படித்த மூன்றாண்டு பி.எஸ்ஸி. பட்டதாரி விண்ணப்பிக்கலாம். இந்திய விமான நிலைய ஆணையம் தேர்வு வைத்து எடுக்கிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பதால் கல்லூரியில் சேரும்போதே துணைப்பாடத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். கல்லூரிக் கட்டணத்தைப் பத்துத் தடவை விசாரித்த நாம் துணைப்பாடம் என்னவென்று ஒரு தடவை கேட்டோமா?

கோடை விடுமுறை என்றால் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறோம். ஏரியில் படகு, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், வரும்போது நாலு பாக்கெட் சாக்லேட். அதே மலையில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். உலகம் முழுக்க இயற்பியல் படிக்கிறவர்கள் அதை எவர்ஷெட் விளைவு என்று படிக்கிறார்கள். நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற இடம். இன்று அதை நடத்துவது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். எத்தனை முறை மலை ஏறியிருப்போம்? ஒரு முறையாவது பிள்ளையை அங்கே அழைத்துப் போனோமா?

வழிகள் இன்னும் இருக்கின்றன. பிளஸ் டூவில் தன் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு, மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பி.எஸ்ஸி. கடைசி ஆண்டிலேயே 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேரலாம். எம்.எஸ்ஸி. முடித்து 'நெட்' தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேறினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அணுசக்தித் துறை ஓராண்டு உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து விஞ்ஞானியாக எடுத்துக்கொள்கிறது. கல்பாக்கத்திலேயே பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பி.எஸ்ஸி. மட்டும் முடித்தவர்களுக்கும் அணுமின் நிலையங்களில் பயிற்சிப் பணி உண்டு. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கும் இயற்பியல் பட்டதாரிகளை எடுத்திருக்கிறார்கள். எம்.எஸ்ஸி. படிக்கத் தொலைவு போக முடியாத பிள்ளைக்கு, சின்னாளப்பட்டி பக்கத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை இருக்கிறது.

எல்லாம் எளிது என்று நான் சொல்லவில்லை. இடம் கொஞ்சம், எழுதுகிறவர்கள் ஏராளம். பி.எஸ்ஸி.யோடு நின்றால் வாய்ப்பு குறைவு. பொறியியல் முடித்த பிள்ளை சம்பளம் வாங்கும் வயதில் நம் பிள்ளை இன்னும் படித்துக்கொண்டிருக்கும். மில் சம்பளத்திலும் கமிஷன் கடை வருமானத்திலும் குடும்பம் நடத்துகிற நமக்கு அந்த இரண்டு மூன்று வருடம் பெரிய பாரம்தான். வீட்டுக் கடன் இருக்கிறது, பெண்ணுக்குக் கல்யாணம் இருக்கிறது. நம் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றி, "உன்னாலதான்" என்று சொல்வது நியாயமா?

அந்தத் தவற்றையும் நான் செய்தேன். மூன்றாம் ஆண்டில் மகள் ஜாம் விண்ணப்பத்துக்குப் பணம் கேட்டாள். "இன்னும் எத்தனை பரீட்சைடி எழுதுவ? பேசாம பி.எட். சேரு" என்றேன். நீட்டுக்கு லட்சம் லட்சமாகக் கட்டிய கை, இதற்கு மடங்கிக்கொண்டது. கடைசித் தேதி போய்விட்டது. ஓர் ஆண்டு வீட்டிலிருந்தே படித்து அடுத்த முறை எழுதினாள். இப்போது வெளியூரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அந்த ஓர் ஆண்டு என்னால் போனது.

பிள்ளையின் விருப்பத்தின் பக்கம் நின்ற ஒரு தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-இல் இயற்பியல் பட்டம் பெற்றார் வானியற்பியலாளர் சந்திரசேகர். அப்பா ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கு இயற்பியல்தான் பிடித்திருந்தது. அம்மா சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். கேம்பிரிட்ஜில் படிக்க உதவித்தொகை கிடைத்தபோது அம்மா கடும் நோயில் இருந்தார். இந்த நிலையில் போகலாமா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். போ என்று சொன்னவர் அந்த அம்மாதான். மறு ஆண்டு அவர் இறந்தபோது மகன் பக்கத்தில் இல்லை. 1983-இல் அந்த மகனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பிள்ளையும் நோபல் வாங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அது இன்னொரு சுமையாகிவிடும். படுக்கையில் கிடந்த ஒரு தாய்க்கு இருந்த தைரியத்தில் கொஞ்சம் நமக்கு வேண்டாமா?

நம் பிள்ளைகளுக்கு நாம் கெடுதல் நினைக்கவில்லை. வயிற்றைக் கட்டித்தான் படிக்க வைக்கிறோம். ஆனால் தெரியாத பாதையைப் பாதையே இல்லை என்று சொல்லிவிடுகிறோம். தெரியாவிட்டால் விசாரிப்போம். கல்லூரியில் அந்தத் துறைப் பேராசிரியரை ஒரு முறை போய்ப் பார்ப்போம். ஜாம் விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வரும், தேர்வு பிப்ரவரியில் நடக்கும். கேஸ் புக் பண்ணிய தேதியைக் குறித்துவைக்கிற அதே காலண்டரில் இதையும் குறித்துவைப்போம். விண்ணப்பக் கட்டணத்துக்குப் பிள்ளை கெஞ்சும்படி வைக்காமல், முன்கூட்டியே எடுத்துவைப்போம்.

யாராவது "பாப்பா என்ன படிக்குது?" என்று கேட்டால், "இயற்பியல் படிக்கிறாள்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். உள்ளே பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.