எட்டு முழ வேட்டியும் வடக்கு ஜன்னலும்



ஆவணி இதழ் உங்கள் கைக்கு வரும்போது தோவாளைப் பூச்சந்தையில் ஓணத்துக்கான கூட்டம் நெரித்துக்கொண்டிருக்கும். அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து போன மாதம் எங்களுக்கு ஒரு தடித்த உறை வந்தது. இந்தப் பக்கம் முழுக்க அந்த உறையைப் பற்றித்தான்.

‘வீட்டுக்குள் நடக்கும் வேலை’ என்று சொல்லிப் படம் அனுப்பக் கேட்டிருந்தோம். நிறைய வந்தன. அவல் இடிப்பவர்கள், கயிறு திரிப்பவர்கள், பனையோலைப் பெட்டி முடைபவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் பாதிக்கு மேல் பிளாஷ் போட்டு எடுத்தவை. முகத்தில் மாவு அப்பினதுபோல் வெளுப்பு, பின்சுவரில் கரிக்கோடு போட்டதுபோல் நிழல். வேலை செய்யும் கையும் அந்தக் கையின் சுருக்கமும் காணவில்லை. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நல்ல மனிதர்கள், நல்ல வேலை, வெளிச்சம்தான் கெடுத்துவிட்டது.

தோவாளை உறையில் 11 படங்கள். அனுப்பியவர் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண். கையில் செல்போன் மட்டும். பதினொன்றிலும் ஒரே காட்சி: அவருடைய ஆச்சி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மாணிக்கமாலை கட்டுகிறார். மூன்று வாரமாக ஒரே அறையில், வெளிச்சத்தை மட்டும் மாற்றி மாற்றி எடுத்திருக்கிறார். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, மணி, எந்த ஜன்னல், எந்த விளக்கு என்று பேனாவில் எழுதியிருந்தது.

மாணிக்கமாலையைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். செவ்வரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து வரிசை பிடித்துக் கட்டும்போது ஒவ்வொரு மடிப்பும் பதித்த கல்போல எழுந்து நிற்கும். மற்ற மாலை மாதிரி உருண்டு இராது, பட்டையாக விரியும். அந்த மேடுபள்ளம் தெரியாவிட்டால் அது வெறும் சிவப்புத் துணிதான்.

முதல் படம் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் தெளித்த பூ, பிளாஷ் பட்டு ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டாகிவிட்டது. இரண்டாவதில் ஜன்னலும் திறந்திருக்கிறது, குண்டு பல்பும் எரிகிறது. வெள்ளை அரளி ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருக்கிறது. காரணம் இதுதான்: பகல் வெளிச்சத்தின் நிறத்தை ஏறத்தாழ 5500 கெல்வின் என்பார்கள், குண்டு பல்புக்கு 2700 கெல்வின்தான். நம் கண் இரண்டையும் சமாதானம் செய்துகொள்ளும். கேமரா ஏதாவது ஒன்றுக்குத்தான் ஒத்துப்போகும். மூன்றாவது எல்இடி டியூப்லைட்டில் எடுத்தது. படம் முழுக்க மங்கலான பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் அந்தப் பட்டை போய்விடும். அந்தப் பெண் இதை எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எண்ணை மாற்றி மாற்றி எடுத்தே கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறார்.

நான்காவது படத்துக்கு எல்லா விளக்கையும் அணைத்திருக்கிறார். “லைட்ட எதுக்கு மக்களே அணைச்ச? இருட்டாட்டு இருக்கே” என்று ஆச்சி கேட்டாராம். ஒற்றை ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் மாலையின் மடிப்பு ஒவ்வொன்றும் எழுந்துவிட்டது. ஆனால் ஆச்சியின் முகத்தில் பாதி இருட்டு. ஐந்தாவதில் அந்தப் பெண் தாத்தாவின் எட்டு முழ வேட்டியைக் கொடியில் விரித்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தொங்கவிட்டார். ஜன்னல் வெளிச்சம் வேட்டியில் பட்டுத் திரும்பி ஆச்சியின் கன்னத்தில் விழுந்திருக்கிறது. அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

1956-இல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செய்ததும் இதுதான். காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டியிருந்தார்கள். வானத்திலிருந்து முற்றத்தில் இறங்கும் வெளிச்சத்துக்கு நிழல் மெலிதாக இருக்கும்; ஸ்டுடியோ விளக்கை நேராக அடித்தால் அது வராது. மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன் மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். அவரும் புதுக்கையாக வந்தவர்தான். ராயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் வங்கத்தில் ‘தி ரிவர்’ எடுத்தபோது ஓரமாக நின்று, எந்த விளக்கை எங்கே வைக்கிறார்கள் என்று படம் வரைந்து வரைந்து கற்றவர். தோவாளைப் பெண்ணின் பேனாக் குறிப்புகளைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு விஷயம் எனக்குப் பெரிய வியப்பு. ‘வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது, அங்கே எடுங்கள்’ என்பது புகைப்படப் புத்தகங்களில் பழைய பாடம். “எங்கள் வடக்கு ஜன்னலில் ஆடி மாசம் காலையில் வெயில் வருகிறதே” என்று ஏழாவது படத்தின் பின்னால் அந்தப் பெண் எழுதியிருக்கிறார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அந்தப் பாடம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். சித்திரை தொடங்கி ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் நமக்கு நிழல் வெளிச்சம் தருவது தெற்கு ஜன்னல். அவரோ வடக்கை விடாமல், அதே வேட்டியை இந்தத் தடவை ஜன்னலிலேயே கட்டிவிட்டார். வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாகப் பெரிதாக நிழலின் ஓரம் இளகும். சாரல் நாளில் வானம் முழுக்க விரித்த வேட்டிதான். அதனால்தான் அன்றைக்கு முகங்கள் அத்தனை அழகு.

வெளிச்சத்தை இப்படிப் பழக்கி உள்ளே விடுவது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலைக்குள் போய் நின்று பாருங்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக நிறம் ஏற்றிய காக்காப்பொன் தகடு. வெயில் வெளியே நின்றுவிடும், வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். கண் பழக ஒரு நிமிஷம் ஆகும். பழகியதும், இழைத்த கறுப்புத் தரையில் ஜன்னலின் சாயல் தண்ணீரில் கிடப்பதுபோல் கிடக்கும். கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று நண்பகல் வெயில் கூரைத் துளை வழியாக இறங்கி, அஸ்தி வைத்திருந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். நாள் பார்த்து, மணி பார்த்து வெளிச்சத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். நம் பழைய தொட்டிக்கட்டு வீட்டு முற்றமும், அடுக்களைக் கூரையில் ஒற்றையாகப் பதித்த கண்ணாடி ஓடும் அதே அறிவுதான். கண்ணாடி ஓட்டுக்குக் கீழே அம்மை தேங்காய் துருவிய காட்சி உங்களில் பலருக்கு நெஞ்சில் இருக்கும். யாரும் படமெடுத்து வைக்கவில்லை.

புதிதாகப் படமெடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, “எந்த லைட் வாங்கலாம்?” என்றுதான். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள் என்பேன். ரிங் லைட் முகத்தின் மேடுபள்ளத்தை வழித்துத் தட்டையாக்கிவிடும். ஆச்சியின் முகத்துக்கு அது ஆகாது. இருக்கிற விளக்கை அணையுங்கள். ஒரு ஜன்னலைத் திறங்கள். எதிரே வேட்டி கட்டுங்கள்; தெர்மாகோல் அட்டை இருந்தால் அதுவும் போதும். பிறகு ஆளை ஜன்னலை ஒட்டி உட்காரவைத்து ஒன்று, இரண்டடி உள்ளே தள்ளி ஒன்று எடுங்கள். எவ்வளவு சீக்கிரம் வெளிச்சம் குறைகிறதென்று தெரியும். சின்ன பல்பை ஓரடியிலிருந்து இரண்டடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதியாகாது, கால்பங்காகிவிடும். அதைப் பார்த்தபின் கடைக்குப் போனால் என்ன வேண்டுமென்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

‘வீட்டுக்குள் நடக்கும் வேலை’க்கு ஐப்பசி வரை படங்கள் வாங்கிக்கொள்கிறோம். முன்பு அனுப்பியவர்களும் தயங்காமல் மறுபடி எடுத்து அனுப்புங்கள். எந்த ஜன்னல், எத்தனை மணி என்று படத்தின் பின்னால் ஒரு வரி எழுதிவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிலிருந்து தொடங்குங்கள்.

பதினோராவது படம்தான் இந்த இதழின் அட்டை. ஆடி 28, காலை 9 மணி 10 நிமிஷம், வடக்கு ஜன்னல், வேட்டி கட்டியது.

அன்புடன்,
ஆசிரியர்