முள்ளந்தண்டு வட்டும் பொறியியல் மயக்கமும்

சிதைந்த முள்ளந்தண்டு வட்டை உயிரியற் பொருள்களாற் செப்பனிட்டுவிட்டால் முதுகுநோவு ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் வலுப்பெற்று வருகின்றது. வட்டு என்பது பாரந்தாங்கும் ஓர் அடைப்பு மாத்திரமே என்ற பழைய கருத்துத்தான் இந்நம்பிக்கையின் அத்திவாரம். அது பிழையான அத்திவாரம்.

1960களில் சுவீடன் நாட்டு மருத்துவர் பேர்ன்ஸ்ட்ரொம் வட்டின் இடத்தில் உருக்குக் குண்டுகளைப் பதித்தார். உருக்கு உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் நோயாளர் பலரில் அது அயலிலுள்ள முள்ளென்பினுள் அமிழ்ந்து போயிற்று.

இன்றைய ஆய்வாளர் உருக்கை நாடுவதில்லை. வட்டின் நடுப்பகுதிக்கு ஹயலூரோனிக் அமில ஜெல்லும், அதைச் சூழ்ந்த நார்வளையத்தின் கிழிவுக்குக் கொலாஜன் ஒட்டும் இட்டுச் செம்மறியாடுகளிற் பெற்ற நற்பயனைக் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்டனர். கலங்களை விதைத்து வளர்த்த வட்டுகளை வெள்ளாடுகளின் கழுத்திற் பதித்த பென்சில்வேனியா ஆய்வு 2018இல் வெளிவந்தது. இவை மெச்சத்தக்க முயற்சிகளே. எனினும், அங்கே புதுப்பொருள் சென்று சேர்ந்தது நலமான விலங்கொன்றின் முள்ளந்தண்டில். மனிதரிற் சிதைவதோ ஆண்டுக்கணக்கிற் பட்டினி கிடந்த வட்டு.

பட்டினி என்பது அணிக்காகக் கூறப்பட்டதன்று. வளர்ந்தவரின் வட்டினுள்ளே குருதிக்கலன்கள் செல்வதில்லை. குளுக்கோசும் ஒட்சிசனும் பெரும்பாலும் மேலும் கீழுமுள்ள கசியிழையத் தட்டுகளூடாகப் பரவியே உட்கலங்களை அடைகின்றன. கழிவாகிய இலற்றிக் அமிலமும் அவ்வழியாலேயே வெளியேற வேண்டும். வயதோடு அத்தட்டுகளிற் கல்சியம் படியும்போது வாயில் ஒடுங்குகின்றது. அவ்விடத்திற் புதிய கலங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றுவது, பஞ்சத்தில் வாடும் ஊருக்கு உணவை விடுத்து விருந்தாளிகளை அனுப்புவதற்கு ஒப்பாகும்.

சிதைந்த வட்டெல்லாம் நோகின்றதா என்ற வினா இதனினும் அடிப்படையானது. 2015இல் வெளியான தொகுப்பாய்வொன்றின்படி, முதுகுநோவே இல்லாதவர்களுள் இருபது வயதினரில் 37 சதவீதத்தினரிடத்தும், எண்பது வயதினரில் 96 சதவீதத்தினரிடத்தும் வட்டுச் சிதைவு படங்களிற் காணப்பட்டது. படத்திற் கறுத்துத் தெரியும் வட்டே நோவின் காரணமென்று சாதிப்போர், தலைவலிக்கு நரையைக் காரணங் காட்டவுந் தயங்கமாட்டார்கள் போலும்!

நரம்பை அழுத்தும் பிதுக்கத்தைச் சத்திரசிகிச்சையால் அகற்றியபின் நார்வளையத்தில் எஞ்சும் கிழிவை மூடுவது இப்பொருள்களுக்குத் தகுந்த பணி. அங்கே காரணமும் தெளிவு, காயமும் தெளிவு. அதைக் கடந்து, நாட்பட்ட முதுகுநோவுக்கெல்லாம் இவற்றை மருந்தாக்க முனைவோர், குறித்த நோவு குறித்த வட்டிலிருந்தே எழுகின்றதென்பதையும், அவ்வட்டின் போசணைவழி இன்னும் திறந்திருக்கின்றதென்பதையும் நோயாளிக்கு நோயாளி முதலில் நிறுவட்டும். ஊசி அதன் பின்னர்.