எண்ணுவோம், எண்ணிப் பார்ப்போம்



‘எண்ணுதல்’ என்னும் சொல் நம் மொழியில் தொகையிடுவதையும் குறிக்கும், சிந்திப்பதையும் குறிக்கும். இவ்விரண்டும் கைகோத்து நடப்பதைத் தாமிரபரணிப் பாசனக் குளக்கரைகளில் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் காணலாம்.

மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், பிற இயற்கை ஆர்வலர் அமைப்புகளுடன் சேர்ந்து, 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. மாணவரும் ஆசிரியரும் அலுவலரும் கூலி கருதாது, வைகறையிலேயே நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குச் செல்கின்றனர்.

சிறு கூட்டமாயின் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுவர். ஆயிரமாய்த் திரண்ட வாத்துகளாயின், நூறு பறவைகள் அடைத்திருக்கும் பரப்பை அளவாகக் கொண்டு, அத்தகைய நூறுகள் எத்தனை எனக் கணக்கிடுவர். அடையாளம் தெரியாததைத் தெரியாதது என்றே குறிப்பர். பறவையே இல்லாத குளத்திற்கும் ஏட்டில் இடமுண்டு. ‘இல்லை’ என்று எழுதுவதும் கடமையே. குளத்தை நெருக்கும் ஆக்கிரமிப்பு, குப்பை, ஆகாயத்தாமரை ஆகியனவும் பதிவாகும்.

பறவையை எண்ணினால் பசி தீருமா என்று வினவுவாரும் உளர். ஓராண்டுக் கணக்கு அதிகம் சொல்லாதுதான். மழை மிகுந்தால் பறவைகள் பல குளங்களில் சிதறும். மழை பொய்த்தால் நீருள்ள சில குளங்களில் குவியும். பத்துப் பதினைந்து ஆண்டுக் கணக்குகளை அடுக்கிப் பார்த்தாலன்றோ எந்தக் குளம் நலிகிறது என்பது புலனாகும்! காரும் பிசானமும் விளைவதும், ஊர்க் கிணறு ஊறுவதும் அக்குளத்தாலேயே. வேய்ந்தான்குளம் என்றதும் இன்று பலருக்குப் பேருந்து நிலையமே நினைவுக்கு வருகிறது. குளம் இருந்த நினைவே மங்கிவிட்டது.

கூந்தன்குளத்தாரோ ஏடு எதுவும் இல்லாத காலத்திலேயே இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். வீட்டு மரங்களில் கூடு கட்டிய நாரைகளை அவர்கள் விரட்டவில்லை. குஞ்சுகள் அஞ்சுமென வெடி வெடிப்பதையும் தவிர்த்தனர். பறவை எச்சம் கலந்த வண்டல் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. 1994-இல் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளை அங்குக் காணலாம்.

வரும் சனவரியில் நாமும் நம் பிள்ளைகளுடன் ஊர்க் குளத்திற்குச் செல்வோம். நாளும் நேரமும், கண்ட பறவையும் அதன் தொகையும் ஒரு குறிப்பேட்டில் பதியட்டும். காணாததைச் சேர்க்க வேண்டாம். கண்டதை விடவும் வேண்டாம். மறு ஆண்டும் அதே கரையில் நின்று எண்ணுவோம். தம் குளத்தின் கணக்கை அறிந்த பிள்ளைகள், அது தூர்க்கப்படும் நாளில் வாளாவிருக்க மாட்டார்கள்.