பெட்டிக்குள் அடைபட்ட மூச்சு



திருத்தணிக்கு அருகே கே.ஜி.கண்டிகையில் நமக்கு அறிமுகமான இல்லம் ஒன்று உண்டு. தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும் எல்லைப் பகுதி அது. அவ்வில்லத்தின் தலைவர் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். திருமண ஊர்வலமாயினும், திருவிழாத் தேர்ப்பவனியாயினும் முன்வரிசையில் நின்று ஊதியவர். மகனோ மடிக்கணிப்பொறியில் இசையமைக்கப் பழகி வருகிறான். அண்மையில் நாம் அங்குச் சென்றபோது, தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பேசாதிருப்பதைக் கண்டு வருந்தினோம்.

காரணம் இதுதான். "அப்பா, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே ஊதித் தாருங்கள், பதிவு செய்துகொள்கிறேன்" என்று மகன் கேட்டிருக்கிறான். தந்தை மறுத்துவிட்டார். "என் மூச்சைப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்ட பிறகு என்னை யார் ஐயா அழைப்பார்கள்?" என்று நம்மிடமே கேட்டார். சென்ற தை மாதத்தில் ஒரு திருமண வீட்டார், பேசி முடித்திருந்த பேண்டை நிறுத்திவிட்டு, கீபோர்டு வாசிக்கும் ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டார்களாம். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

மகன் கேட்டது என்ன என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். முற்காலத்து மின்னணு இசைப்பெட்டிகள் மின் அலைகளைக் கொண்டே ஒலியை உண்டாக்கின. இன்றைய மென்பொருள் இசைக்கருவிகளில் ஒரு வகை, உண்மையான கருவியின் ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, விசையை அழுத்தும்போது அதையே திரும்ப ஒலிக்கிறது. ஒரே சுரத்தை மெல்லவும் உரக்கவும் ஊதினால் ஓசையின் தன்மையே மாறுவதால், பல அளவுகளில் பதிய வேண்டும். ஒரே பதிவு மீண்டும் மீண்டும் ஒலித்தால் பொம்மை பேசுவதுபோல் இருக்குமாதலால், ஒவ்வொன்றையும் சில முறை பதிய வேண்டும். 40 சுரத்தானங்கள், 4 அளவுகள், 3 முறை என்றால் 480 பதிவுகள்! குறுந்தகட்டின் தரத்தில் பதிந்தால், ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கப்படுகிறது.

இந்த எண்ணம் புதிதன்று. 1963-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மெல்லோட்ரான் என்னும் கருவியில், ஒவ்வொரு விசைக்கும் ஏறத்தாழ 8 நொடி ஓடும் ஒலிநாடா இருந்தது. 1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் கருவி ஒலியை எண்களாக்கி நினைவில் வைத்தது. ஆனால் அதன் விலை செல்வந்தருக்கே எட்டியது. 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் என்னும் மென்பொருள், பதிவுகளை வன்தட்டிலிருந்தே நேராக எடுத்து ஒலிக்கச் செய்தது. அதன்பின் எளிய இல்லத்து இளைஞனுக்கும் ஒரு வாத்தியக் குழு கைக்கு எட்டியது.

தந்தையின் அச்சம் வீணானதா? அன்று. முன்னாளில் திரைப்பாடல் ஒன்றைப் பதிவு செய்யக் கோடம்பாக்கத்துக் கூடங்களில் வயலின் கலைஞர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்திற்குப் பின் கணிப்பொறி வழி இசையமைப்பு பரவிய காலத்தில், அவ்வரிசைகள் குறைந்தன. ஆயினும் மற்றொன்றையும் நோக்குக. அந்த மாற்றத்துக்குப் பெயர்பெற்ற ஏ.ஆர்.ரகுமானே 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலின் முதலிய கருவிகளைக் கற்பிக்கும் 'சன்ஷைன்' இசைக்குழுவையும் உருவாக்கினார். பெட்டி எவ்வளவு வளர்ந்தாலும் வில்லைப் பிடிக்கும் கை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

நம் இசையில் இது இன்னும் உண்மை. தனித்தனியே பதிந்த சுரங்கள் படிக்கட்டுகளைப் போன்றவை. கமகமோ ஆற்றின் ஓட்டம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அசைவை மென்பொருள் ஓரளவே பின்பற்றுகிறது. அதை எங்கே, எவ்வளவு அசைக்க வேண்டும் என்று அறிந்தவர் வாசிப்பவரே.

ஆலயத்திற்கும் இதில் பாடமுண்டு. 1958-இல் உரோமை வெளியிட்ட திருஇசை பற்றிய அறிவுரை, தானே இயங்கும் கருவிகளையும் இசைத்தட்டையும் வழிபாட்டில் விலக்கியது. 1963-இல் வத்திக்கான் சங்கம் குழல் ஆர்கனைப் போற்றி, வழிபாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் வாயிலைத் திறந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஒருவர் தம் விரலால் வாசிக்கும் கீபோர்டு வேறு. பொத்தானைத் தட்டிவிட்டுக் கைகட்டி நிற்பது வேறு. பாடற்குழுவுக்குத் துணை நிற்கும் வரை பெட்டி நல்லது. மக்களை வாய்மூடச் செய்தால் நல்லதன்று.

நாம் அந்த இல்லத்தில் கூறியதும் இதுவே. மகனிடம் சொன்னோம்: "தம்பி, நீ கேட்டது ஓசையை மட்டுமன்று, அப்பாவின் நாற்பதாண்டு உழைப்பை. அதனால் வருவாய் வந்தால் அதில் அவருக்குப் பங்கு கொடு. அவர் இசையாமல் பிறருக்குக் கொடுக்காதே." தந்தையிடம் சொன்னோம்: "ஐயா, அவன் கடையில் கிடைக்கும் அயல்நாட்டுக் கிளாரினெட் ஒலியை வாங்கியிருக்கலாம். அதை விட்டு உங்கள் மூச்சையே கேட்டான். அது அவமதிப்பா?"

அவர் விடையளிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "சுரத்தைத் துண்டு துண்டாக ஊத மாட்டேன். முழுப் பாட்டாக ஊதுகிறேன்; வேண்டுமானால் பதிந்துகொள்ளட்டும்" என்றார். மகன் அதற்கு இசைந்தான். அன்றிரவு சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய இருவரும் அமர்ந்தார்கள்.

நம் குடும்பங்களிலும் புதுக்கருவி ஒன்று வாயிற்படி ஏறும்போது, அது யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது என்று ஒரு முறை கேட்போமாக. கேட்ட பிறகு வாங்கினால், அக்கருவி வீட்டைப் பிரிக்காது.