கியரைக் குறைச்சா கெத்தா?

ஞாயித்துக்கிழமை காலைல கோட்டக்குப்பம் டீக்கடைப் பக்கம் நின்னீங்கன்னா இந்தப் பாடம் காதுல விழும். சென்னைலேர்ந்து ஈசிஆர்ல வந்த பசங்க, "வளைவுல எப்பவும் ஒரு கியர் கம்மியா வச்சுக்கணும் மச்சி, அப்பதான் பிக்கப்". புதுசா பைக் வாங்கினவன் பயபக்தியோட தலையாட்டுவான்.

கொண்டை ஊசி வளைவுன்னா சரி, கியரைக் குறைச்சுத்தான் ஆகணும். அந்த 'எப்பவும்'லதான் கோளாறு. த்ராட்டிலை எவ்வளவு நிதானமா முறுக்க முடியும் என்பதை வைத்துத்தான் கியர், பிக்கப்பை வைத்து அல்ல. சாய்ந்த வண்டி டயர் உராய்விலேயே வேகம் இழக்கும். த்ராட்டிலை அசையாமல் பிடித்திருந்தாலும் மெதுவாகும். அதனால் வண்டி திரும்பினதும் கொஞ்சமாகத் திறந்து, வெளியே வரும்வரை சீராகக் கூட்டணும். கீத் கோட் 1993ல் எழுதின புத்தகத்தில் த்ராட்டிலுக்கு முதல் விதியே இதுதான். சுமையில் சுமார் 60 சதம் பின் டயருக்குப் போகணும் என்பது அவர் கணக்கு. அகலமான டயர், தாங்கும்.

கியரைக் குறைச்சு முள்ளைச் சிவப்புக்கோட்டுக்கிட்ட வச்சிருக்கிறவன் கை நூலளவு அசைஞ்சாலும் வண்டி வெட்டி இழுக்கும். பயந்து மூடினால் சுமை மொத்தமும் முன்னால் பாயும், ஃபோர்க் அமுங்கும், முன் டயர் திணறும். சரி, மேல் கியர் போடலாம்னா, இடது வளைவில் லிவருக்குக் கீழே கால்விரல் நுழைய இடமே இருக்காது. ரேஸ்காரர்கள் பலர் கியர் வரிசையைத் தலைகீழாக மாற்றி, மிதிச்சு ஏத்தற மாதிரி வைப்பது சும்மாவா?

1990ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ட்ராக், 3.7 கி.மீ. நேர்ப்பாதை முடிவில் வேகமான வலது வளைவு, சி1. 150 சிசி வண்டிக்காரன் அங்கே 'பிக்கப்' வேணும்னு கியரைக் குறைச்சா, அவ்வளவு தூரம் சேர்த்த வேகத்தை அவனே தூக்கிப் போடறான். சின்ன எஞ்சினுக்கு அதைத் திரும்பச் சேர்க்க எவ்வளவு நேரமாகும்!

இதையெல்லாம் எங்க ஊர் ரோட்டில் பழகாதீங்க சாமி. கடல்மணல் கிடக்கும், மரக்காணம் உப்பு லாரி எதிரே வரும், குறுக்கே யாராவது கடப்பாங்க. இருங்காட்டுக்கோட்டை இங்கேர்ந்து மூணு மணி நேரம்தான்.

கீத் கோட் நடத்தற பள்ளியில் முதல் பயிற்சி என்ன தெரியுமா? நாலாவது கியர் மட்டும், பிரேக் கிடையாது. அப்படியே ட்ராக்கைச் சுத்தணும்.